முதல் கன்டெய்னர் அனுப்புகிறவருக்கு: கப்பல் தாள்களில் வரும் சொற்கள், அவற்றின் செலவு, கெடு

பொள்ளாச்சியில் தென்னை நார்க்கழிவுக் கட்டி அடிக்கிறவருக்கும் கரூரில் திரைச்சீலை தைக்கிறவருக்கும் தங்கள் சரக்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தடுமாற்றம் தொடங்குவது, கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பித் தரும் இடைத்தரகரான ஃபார்வர்டரிடமிருந்து முதல் மின்னஞ்சல் வரும்போதுதான். எஸ்ஐ கட்-ஆஃப், விஜிஎம், கேட் ஓபன், ஃப்ரீ டேஸ், டெலக்ஸ் ரிலீஸ் என்று ஒரே பத்தியில் ஏழெட்டுச் சொற்கள் இருக்கும். கேட்டால், “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்” என்பார்கள். பார்த்துக்கொள்வது அவர்கள், பில் கட்டுவது நீங்கள். பல வருடங்களாக நார்க்கழிவுக் கட்டியைத் தூத்துக்குடி வழியாக அனுப்பிவருகிறேன். என் தலையில் விழுந்த கூடுதல் செலவுகளில் பெரும்பகுதி, ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று உரிய நேரத்தில் யாரும் சொல்லாததால் வந்தது. அந்தச் சொற்களை, அவை உங்கள் முன் வந்து நிற்கும் வரிசையிலேயே கீழே தருகிறேன்.

1. பதிவுகளை முதலில் முடியுங்கள்

ஐஇசி என்பது ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடு. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். எண் உங்கள் பான் எண்ணேதான். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் உள்ளே போய் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். எதுவும் மாறவில்லை என்றாலும் செய்ய வேண்டும். விட்டால் எண் முடங்கும். அது சரக்கு துறைமுகத்தில் நிற்கும் நாளில்தான் தெரியவரும்.

அடுத்து ஏடி கோடு. ஏற்றுமதிப் பணம் எந்த வங்கிக் கிளை வழியாக வரும் என்று காட்ட உங்கள் வங்கி தரும் 14 இலக்க எண். வங்கியின் கடிதத்தோடு சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிய வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. இந்தப் பதிவு ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனி. தூத்துக்குடியில் பதிந்தது சென்னைக்குச் செல்லாது. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் பக்கத்தில் இருந்தாலும் சுங்கக் கணக்கில் வெவ்வேறு. கடைசி நேரத்தில் கப்பல் சென்னையிலிருந்து காட்டுப்பள்ளிக்கு மாறினால், பதிவில்லாதவர் ஷிப்பிங் பில் என்னும் சுங்க ஏற்றுமதி விண்ணப்பத்தைப் போட முடியாது. உங்கள் சரக்கு போக வாய்ப்புள்ள எல்லாத் துறைமுகங்களிலும் முன்பே பதிந்து வையுங்கள்.

எல்யுடி என்பது ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்ய நீங்கள் தரும் உறுதிமொழி. ஜிஎஸ்டி தளத்தில் ஆர்எஃப்டி-11 படிவம், கட்டணம் கிடையாது, நிதியாண்டு முடிந்தால் காலாவதி. மார்ச் கடைசியில் கப்பல் ஏற்றுகிறவர்கள் ஏப்ரலுக்கான புதிய எல்யுடியைக் கையில் வைத்திருப்பது நல்லது.

2. விலை சொல்லும்போதே எல்லையைச் சொல்லுங்கள்

வாங்குகிறவர் “விலை என்ன?” என்று கேட்டால் வெறும் டாலரைச் சொல்லாதீர்கள். விலைக்குப் பின்னால் மூன்றெழுத்து வர வேண்டும், அதற்குப் பின்னால் ஊர் வர வேண்டும். இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற பன்னாட்டு விதித் தொகுப்பில் இப்படிப் பதினொன்று உண்டு. புதியவருக்கு நான்கு போதும்.

எஃப்ஓபி தூத்துக்குடி என்றால், சரக்கு கப்பலில் ஏறும்வரை செலவும் பொறுப்பும் உங்களுடையவை. அதன் பிறகு வாங்குகிறவருடையவை. சிஎஃப்ஆர் ராட்டர்டாம் என்றால் அதுவரையிலான கப்பல் வாடகையும் உங்களுடையது. சிஐஎஃப் என்றால் அதோடு காப்பீடும் சேரும். எஃப்சிஏ என்றால், குறிப்பிட்ட இடத்தில் வாங்குகிறவரின் போக்குவரத்தாளரிடம் ஒப்படைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது.

சிஐஎஃப்-ஐப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ராட்டர்டாம் வரை வாடகை கட்டுவதால் அதுவரை சரக்கும் தம் பொறுப்பு என்று நினைக்கிறார்கள். விதிப்படி, சேதப் பொறுப்பு தூத்துக்குடியில் கப்பலில் ஏறிய கணமே வாங்குகிறவருக்குப் போய்விடுகிறது. வழியில் சேதமானால் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்க வேண்டியவர் அவர். அந்தக் காப்பீட்டை நீங்கள் குறைந்தது சரக்கு மதிப்பில் 110 சதவீதத்துக்கு எடுத்திருக்க வேண்டும். விதி கேட்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு ‘சி’ வகை. கப்பல் மூழ்குதல், தீப்பிடித்தல் போன்ற பெரிய விபத்துகளை மட்டும் அது பார்க்கும். தண்ணீர் பட்டால் கெடும் சரக்குக்கு ‘ஏ’ வகை கேளுங்கள். பிரீமிய வித்தியாசம் சிறியது.

எஃப்ஓபி-யில் விற்கிறவர் காப்பீடே வேண்டாம் என்று இருந்துவிடுகிறார். ஆலையிலிருந்து துறைமுகம் வரை லாரியில் போகும்போதும், துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்து நிற்கும்போதும் சரக்கு யாருடையது? உங்களுடையது. கன்டெய்னரை நாம் கப்பலில் ஏற்றுவதில்லை, முனையத்தின் வாசலில் விட்டுவிட்டு வருகிறோம். அதனால் கன்டெய்னர் சரக்குக்கு எஃப்சிஏ-தான் பொருத்தம் என்று விதிகளை வகுத்தவர்களே சொல்கிறார்கள். வாங்குகிறவர்கள் எஃப்ஓபி-யையே கேட்பார்கள், பழக்கம் அப்படி. ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த இடைவெளிக்குக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்

எஃப்சிஎல் என்றால் பெட்டி முழுவதும் உங்களுடையது. எல்சிஎல் என்றால் பலருடைய சரக்கோடு உங்களுடையதும் ஒரு மூலையில் போகும். இருபது அடிப் பெட்டியின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். நாற்பது அடியில் 67, ‘ஹை க்யூப்’ எனப்படும் உயரமான நாற்பது அடியில் 76 வரை வரும். கனமான சரக்குக்கு இருபது, இலேசான சரக்குக்கு நாற்பது என்பது பொது வழக்கு. பெட்டிக் கதவில் எழுதியிருக்கும் உச்ச எடை வேறு, சாலையில் அந்த லாரி இழுக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் எடை வேறு. கட்டிகளை அடுக்கும் முன் இரண்டையும் கேட்டு, குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்சிஎல்-லில் வாடகை கன மீட்டருக்கு அல்லது டன்னுக்கு, எது அதிகமோ அதற்கு. இதில் சில ஃபார்வர்டர்கள் வியக்கத்தக்க மலிவு விலை சொல்வார்கள். சில நேரம் கடல் வாடகையே இல்லை என்பார்கள். கருணை ஒன்றும் இல்லை. அந்தத் தொகையை அக்கரையில் உள்ள அவர்களுடைய ஏஜென்ட், சரக்கைப் பிரித்துக் கொடுக்கும் கட்டணம் என்ற பெயரில் வாங்குகிறவரிடம் வசூலித்துவிடுவார். உங்கள் வாடிக்கையாளர் அடுத்த முறை உங்களிடம் வாங்கமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். அதனால் எல்சிஎல் விலை கேட்கும்போது அக்கரைக் கட்டணப் பட்டியலையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கிறவரிடம் சரக்கைக் கொடுக்காதீர்கள்.

4. விலைப்புள்ளியை வரி வரியாகப் படியுங்கள்

ஃபார்வர்டர் தரும் விலையில் மேலே பெரிதாக இருப்பது ஓஷன் ஃப்ரைட், அதாவது கடல் வாடகை. அதை மட்டும் வைத்து இரண்டு பேரை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். கீழே வரிசையாக இருப்பவை: டிஎச்சி என்னும் முனையக் கையாளல் கட்டணம் (இங்கே ஒன்று, அங்கே ஒன்று), எரிபொருள் விலையைப் பொறுத்து மாறும் பங்கர் கட்டணம், பிஎல் (பில் ஆஃப் லேடிங் என்னும் கப்பல் சரக்குத் தாள்) கட்டணம், சீல் கட்டணம், ஆவணக் கட்டணம். இவற்றோடு சுங்கத் தரகரின் கட்டணமும் லாரி வாடகையும் தனி.

மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும்? அந்தத் தேதி புக்கிங் நாளைக் குறிக்கிறதா, கப்பல் புறப்படும் நாளைக் குறிக்கிறதா? டாலரை எந்த விகிதத்தில் ரூபாயாக்குவீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். கப்பல் நிறுவனங்கள் தமக்கென ஒரு மாற்று விகிதம் வைத்திருக்கின்றன. அது பெரும்பாலும் வங்கி விகிதத்தைவிட அதிகம்.

விலையைப் போலவே நாளையும் கேளுங்கள். தூத்துக்குடியிலிருந்து போகும் பெட்டிகளில் பெரும்பகுதி ஃபீடர் என்னும் சிறு கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே மதர் வெசல் என்னும் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. இந்த மாற்றத்துக்கு டிரான்ஷிப்மென்ட் என்று பெயர். ஃபீடர் கொழும்பை எட்ட ஓர் இரவுப் பயணம் போதும். அங்கே அடுத்த கப்பலுக்காகப் பெட்டி ஒரு வாரமோ அதற்கு மேலோ கிடக்கலாம். எத்தனை நாள் பயணம் என்று கேட்டால், சிலர் கொழும்புக் காத்திருப்பை விட்டுவிட்டுச் சொல்வார்கள். செங்கடல் தாக்குதல்கள் தொடங்கிய 2023 இறுதியிலிருந்து பல நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. சூயஸ் வழியா, நன்னம்பிக்கை முனை வழியா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு வாங்குகிறவருக்குத் தேதி கொடுங்கள்.

5. கட்-ஆஃப் தேதிகளைச் சுவரில் எழுதுங்கள்

புக்கிங் உறுதியானதும் வரும் தாளில் இடிஏ, இடிடி என்று இரண்டு தேதிகள் இருக்கும். கப்பல் வரும் என்று எதிர்பார்க்கும் நாளும், புறப்படும் என்று எதிர்பார்க்கும் நாளும். இரண்டிலும் எதிர்பார்ப்புதான் உண்டு, உறுதி கிடையாது. நீங்கள் வேலை செய்ய வேண்டியது அந்தத் தேதிகளை வைத்து அன்று. கீழ்க்காணும் கெடுக்களை வைத்து.

எஸ்ஐ கட்-ஆஃப்: பில் ஆஃப் லேடிங்கில் என்னென்ன அச்சாக வேண்டும் என்று நீங்கள் எழுதித் தரும் ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்ஷனுக்கான கெடு. இதுதான் பெரும்பாலும் முதலில் வரும். சரக்கு இன்னும் ஆலையில் இருக்கும்போதே இது தாண்டிப்போவதும் உண்டு.

விஜிஎம் கட்-ஆஃப்: சரிபார்த்த மொத்த எடையைத் தெரிவிக்க வேண்டிய நேரம்.

கேட் கட்-ஆஃப்: பெட்டி துறைமுக வாசலைத் தாண்டியிருக்க வேண்டிய நேரம். வாசலில் வரிசையில் நிற்பது கணக்கில் வராது.

பலர் கவனிக்காதது கேட் ஓபன். அந்தக் கப்பலுக்கான பெட்டிகளை எந்த நாளிலிருந்து உள்ளே விடுவார்கள் என்பது. சீக்கிரம் போனால் நல்லது என்று நினைத்து இரண்டு நாள் முன்னதாக லாரியை அனுப்பினால், அது வெளியே நிற்கும். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் லாரிக்காரர் காத்திருப்புக் கூலி கேட்பார். நியாயமான கேள்விதான்.

கப்பலில் இடம் போதாமல் உங்கள் பெட்டியை அடுத்த கப்பலுக்குத் தள்ளினால் அதற்கு ரோல்ஓவர். கெடுவைத் தவறவிட்டு ஏறாமல் நின்றால் ஷட் அவுட். கப்பல் அந்த வாரம் வரவேயில்லை என்றால் பிளாங்க் செய்லிங். முதலும் மூன்றாவதும் உங்கள் தவறல்ல. இரண்டாவதற்குக் கட்டணம் உண்டு. எது நடந்தது என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாய்மொழியில் எல்லாமே ‘கப்பல் தாமதம்’ ஆகிவிடும்.

6. காலிப் பெட்டி, அடுக்குதல், சீல், எடை

கப்பல் நிறுவனம் தரும் ரிலீஸ் ஆர்டரைக் காட்டி யார்டிலிருந்து காலிப் பெட்டியை எடுக்க வேண்டும். லாரி ஓட்டுநரிடம் விட்டுவிடாதீர்கள். உங்கள் ஆள் ஒருவர் உள்ளே போய்க் கதவை மூடச் சொல்லிப் பார்க்கட்டும். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே மழையும் உள்ளே வரும். தரைப் பலகையில் எண்ணெய்க் கறை, இரசாயன வாடை, கிழிந்த கதவு ரப்பர் எதுவும் இருக்கக் கூடாது. நார்க்கழிவு, மஞ்சள், துணி போன்றவை வாடையை இழுத்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே வேறு பெட்டி கேளுங்கள். ஆலைக்குக் கொண்டுவந்த பிறகு கேட்டால் இரண்டு லாரி வாடகை.

பெட்டி எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எல்லாத் தாளிலும் இது ஒன்றுபோல் இருக்க வேண்டும். கையால் எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள், கதவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுக்குவதற்கு ஸ்டஃபிங் என்று பெயர். ஆலையிலேயே அடுக்கி நீங்களே சீல் வைக்க வேண்டுமானால், சுங்கத் துறையின் சுயமுத்திரை அனுமதியும் மின்னணு சீலும் வேண்டும். அனுமதி வாங்க நாளாகும். முதல் சரக்குக்கு, துறைமுகத்துக்கு அருகே உள்ள சிஎஃப்எஸ் என்னும் கன்டெய்னர் சரக்கு நிலையத்துக்கு லாரியில் கொண்டுபோய் அங்கே அடுக்குவதே எளிது. கூடுதல் கூலியும் இடவாடகையும் ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

மரப் பலகைத் தட்டு வைத்தால், பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை அதில் இருக்க வேண்டும். வெப்பத்தால் பதப்படுத்திய பலகை என்றால் எச்டி என்ற எழுத்துகள் அதில் இருக்கும். முத்திரை இல்லாத ஒரே ஒரு பலகைக்காக அக்கரையில் பெட்டியையே திருப்பிவிடலாம். செடி சார்ந்த சரக்குக்குப் பல நாடுகள், பூச்சியும் நோயும் இல்லை என்னும் ஃபைட்டோசானிட்டரி சான்றிதழ் கேட்கும். தாவரத் தனிமைப்படுத்தல் அலுவலகம் சரக்கைப் பார்த்துத் தரும். கப்பல் போன பிறகு இதற்கு ஓடுவதில் பயன் இல்லை.

ஈரத்தைப் பற்றி ஒரு சொல். பகல் வெயிலில் சூடேறி இரவில் குளிரும் பெட்டியின் கூரையில் நீர்த்துளி கட்டிச் சரக்கின் மேல் சொட்டும். இதைக் கன்டெய்னர் ஸ்வெட் என்கிறார்கள். சரியாகக் காயாத கட்டியை அடுக்கினால் இது நிச்சயம் நடக்கும், பூஞ்சையும் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் பைகள் உதவும், ஆனால் காயாத சரக்கை அவை காப்பாற்றாது.

விஜிஎம்: 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் கட்டாயம். அடுக்கி மூடிய பெட்டியின் மொத்த எடையை ஏற்றுமதியாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நிரம்பிய பெட்டியை எடைமேடையில் நிறுத்தி எடுக்கலாம். அல்லது சரக்கு, மூட்டைக்கட்டு, தாங்குபொருள் ஆகியவற்றின் எடையோடு கதவில் எழுதியிருக்கும் காலிப் பெட்டி எடையைக் கூட்டலாம். எடைமேடையில் லாரியோடு எடுத்தால் லாரியின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். சில நூறு ரூபாய் செலவில் முடியும் வேலை இது.

7. ஷிப்பிங் பில்லும் எல்ஈஓ-வும்

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கின் வகையைக் குறிக்கும் எச்எஸ் குறியீடு ஆகியவற்றை வைத்துச் சுங்கத் தரகர் ஐஸ்கேட்டில் ஷிப்பிங் பில் போடுவார். கணினி சிலவற்றை நேராக விடும், சிலவற்றைச் சோதனைக்கு எடுக்கும். எல்லாம் முடிந்தால் கிடைப்பது எல்ஈஓ, அதாவது ஏற்றுமதிக்கு விடும் உத்தரவு. இது இல்லாமல் பெட்டி கப்பலில் ஏறாது. பதிவு செய்யும் முன் செக்லிஸ்ட் என்ற வரைவைத் தரகர் அனுப்புவார். ஆர்வமில்லாமல் ‘ஓகே’ என்று பதில் போடுவதுதான் வழக்கம். ஐஇசி, ஜிஎஸ்டி எண், எல்யுடி எண், மூட்டை எண்ணிக்கை, ஊக்கத்தொகைக் கோரிக்கை ஆகிய ஐந்தையாவது பாருங்கள். வேறு வழியில் திரும்பக் கிடைக்காத வரிகளை ஈடுசெய்யும் ரோடெப் சலுகை கேட்கிறீர்கள் என்று அங்கே குறிக்காவிட்டால், பிறகு ஷிப்பிங் பில்லைத் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

8. பில் ஆஃப் லேடிங்: பணம் இருக்கும் தாள்

பிஎல் மூன்று வேலை செய்கிறது: சரக்கைப் பெற்றதற்கான ரசீது, கொண்டுபோவதற்கான ஒப்பந்தத்தின் சான்று, சரக்கின் மீதான உரிமைத் தாள். கப்பல் நிறுவனம் தருவது மாஸ்டர் பிஎல். ஃபார்வர்டர் தருவது ஹவுஸ் பிஎல். வாங்குகிறவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடன் உறுதிக் கடிதம் (எல்சி) இருந்தால், அது எதை ஏற்கிறது என்று புக்கிங்குக்கு முன்பே பாருங்கள்.

ஒரிஜினல் பிஎல் வழக்கமாக மூன்று பிரதி அச்சாகும். மூன்றில் எதைக் காட்டினாலும் சரக்கு கிடைக்கும், மற்ற இரண்டும் அப்போதே செல்லாதவையாகும். “சும்மா ஒன்றை மட்டும் கூரியரில் அனுப்புங்கள், மீதி வங்கி வழியாக வரட்டும்” என்று வாங்குகிறவர் கேட்டால் அதன் பொருள் இப்போது புரியும். பணம் வராமல் ஒன்றும் போகக் கூடாது.

டெலக்ஸ் ரிலீஸ் என்றால், ஒரிஜினலை நீங்கள் இங்கேயே திருப்பிக் கொடுத்துவிட, அக்கரையில் தாள் இல்லாமலே சரக்கைக் கொடுப்பார்கள். கூரியர் செலவும் நாளும் மிச்சம். கொடுத்த பிறகு சரக்கு உங்கள் பிடியில் இல்லை. ஸீ வேபில் தொடக்கத்திலிருந்தே உரிமைத் தாள் அல்ல. பெயர் குறித்தவர் அடையாளம் காட்டி எடுத்துக்கொள்ளலாம். முழுப் பணமும் முன்கூட்டியே வந்த வாடிக்கையாளருக்கு மட்டும் இவை இரண்டும்.

வரைவு பிஎல் வந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படியுங்கள். பெயர் எழுத்துகள், இறக்கும் துறைமுகம், பெட்டி எண், சீல் எண், மூட்டை எண்ணிக்கை, எடை, கப்பல் வாடகை இங்கே கட்டியதா (ப்ரீபெய்டு), அங்கே கட்டுவதா (கலெக்ட்). வரைவில் திருத்துவது இலவசம். கப்பல் போன பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் கட்டணம். சரக்குப் பட்டியல் அக்கரைச் சுங்கத்துக்குப் போன பிறகு திருத்தினால் அபராதமும் வரலாம்.

‘ஷிப்டு ஆன் போர்டு’ என்ற குறிப்பும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ரிசீவ்டு’ என்று மட்டும் இருந்தால் சரக்கு கப்பலில் ஏறியதற்குச் சான்று இல்லை, வங்கி மறுக்கும். கெடு தாண்டிவிட்டது, தேதியை இரண்டு நாள் முன்னே போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது மோசடி, கப்பல் எங்கே இருந்தது என்பதை இன்று யாரும் கைபேசியில் பார்த்துவிடலாம்.

கடன் உறுதிக் கடிதம் வேறு கெடு சொல்லாவிட்டால், கப்பலேறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் தாள்களை வங்கியில் கொடுக்க வேண்டும்.

9. கப்பல் போன பிறகு ஓடும் மீட்டர்

ஃப்ரீ டேஸ் என்பது கட்டணமின்றிப் பெட்டியை வைத்திருக்கலாம் என்று நிறுவனம் தரும் நாட்கள். அது முடிந்தால் தொடங்குவது டிடென்ஷன், டேமரேஜ். பொதுவாக, பெட்டி துறைமுகத்துக்குள் கிடந்தால் டேமரேஜ், வெளியே எடுத்துத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் டிடென்ஷன். துறைமுகமோ சிஎஃப்எஸ்-ஸோ கேட்கும் இடவாடகையையும் நம் ஊரில் டேமரேஜ் என்றே சொல்கிறார்கள். அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே நாளுக்கு இரண்டு பேரும் கேட்கலாம். டாலரில், நாள் ஏற ஏற விகிதமும் ஏறும்.

அக்கரையில் வாங்குகிறவர் சரக்கை எடுக்கவில்லை என்றால்? அவர் பாடு என்று இருந்துவிட முடியாது. பிஎல்-லின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளில் ‘மெர்ச்சன்ட்’ என்ற சொல்லுக்குள் அனுப்பியவரையும் சேர்த்திருப்பார்கள். சேர்ந்த கட்டணம் உங்களிடமே திரும்பி வரும். பல நேரம் சரக்கு மதிப்பைத் தாண்டியும் வரும். புதிய வாடிக்கையாளரிடம் முன்பணம் கேட்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். கப்பல் அங்கே சேரும் முன்பே எழுதி, எப்போது எடுப்பார் என்று பதில் வாங்குங்கள். கூடுதல் ஃப்ரீ டேஸ் வேண்டுமானால் புக்கிங்கின்போது கேட்டால் கிடைக்கும், பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.

ஜெனரல் ஆவரேஜ் என்ற சொல்லைப் பெரும்பாலோர் கேள்விப்படாமலே தொழிலை முடித்துவிடலாம். ஆனால் 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலில் சரக்கு வைத்திருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற வேண்டுமென்றே செய்த செலவை, சேதமே ஆகாத சரக்கின் உரிமையாளர்கள் உட்பட எல்லோரும் மதிப்புக்கேற்பப் பகிர வேண்டும். உத்தரவாதம் கொடுக்காமல் பெட்டியை விடமாட்டார்கள். காப்பீடு இருந்தால் நிறுவனம் கொடுக்கும். இல்லாதவர் கையிலிருந்து கட்ட வேண்டும்.

10. ஈஜிஎம்-ஐப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடுங்கள்

கப்பல் புறப்பட்டதும் அதில் என்னென்ன போனது என்று கப்பல் நிறுவனம் சுங்கத்துக்குத் தரும் பட்டியல் ஈஜிஎம். அதில் உள்ள பெட்டி எண், மூட்டை எண்ணிக்கை ஆகியவை உங்கள் ஷிப்பிங் பில்லோடு பொருந்தினால்தான் சுங்க வரியைத் திருப்பித் தரும் டிராபேக்கும் ரோடெப்பும் நகரும். பொருந்தாவிட்டால் யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். பணம் வராமல் இருக்கும், அவ்வளவுதான். கப்பல் போன ஒரு வாரத்துக்குள் ஐஸ்கேட்டில் ஷிப்பிங் பில் எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். பிழை காட்டினால், அது ஷிப்பிங் பில்லில் இருக்கிறதா ஈஜிஎம்-இல் இருக்கிறதா என்று முதலில் கண்டுபிடியுங்கள். முதலாவது என்றால் சுங்கத் தரகரிடம் போங்கள், இரண்டாவது என்றால் கப்பல் நிறுவனத்திடம். மாற்றிப் போனால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.